மண்ணுக்காரரும் மருத்துவக் கல்லூரியும்

அட்டப்பாடியில் பழங்குடிக் குடியிருப்பு ஒவ்வொன்றும் 'ஊர்' என்றே வழங்கப்படுகிறது. ஊரில் மரபாக நான்கு பொறுப்புகள் உண்டு. தலைமை ஏற்பவர் மூப்பன். அவருக்குத் துணை நிற்பவர் குறுதலை. பொதுப் பொருளைக் காப்பவர் பண்டாரி. நான்காமவர் மண்ணுக்காரன். எந்த நிலத்தில் எதை, எப்போது விதைப்பது என்பதை அறிந்து சொல்வதும், விதைப்புச் சடங்குகளை முன்னின்று நடத்துவதும் அவர் வேலை. ராகி, சாமை, தினை, துவரை என்று பல பயிர்களை ஒரே காட்டில் கலந்து விதைத்த காலத்தில், மழையையும் மண்ணையும் படித்தறிந்த ஒருவருக்கு மூப்பனுக்கு அருகிலேயே இருக்கை தரப்பட்டிருந்தது. அறிவை ஓர் ஆட்சிப் பொறுப்பாகவே மதித்த சமூகம் அது.

அட்டப்பாடி இருக்கும் அதே பாலக்காடு மாவட்டத்தில் 2014 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கேரளப் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் பொறுப்பில் தொடங்கப்பட்ட கல்லூரி அது. அடுத்த மாவட்டமான திருச்சூரில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுரம் இறங்கினால் சில மணி நேரப் பயணம்தான். இருந்தும் மண்ணுக்காரரின் வீட்டிலிருந்து இந்த வாசல்கள் வரை நடந்து சேர்ந்த பிள்ளைகள் மிகச் சிலரே. ஏன் என்று கேட்டால் இரண்டு விடைகள் உடனே வரும். ஒன்று வறுமை. மற்றொன்று 'அவர்களுடைய பண்பாடு'. முதல் விடையை மறுப்பவர் எவருமில்லை. இரண்டாவது விடை பெரும்பாலும் ஆராயப்படாமலேயே ஏற்கப்பட்டுவிடுகிறது. அதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தின் பழங்குடி மக்கள்தொகை 4,84,839. மாநில மக்கள்தொகையில் அது 1.45 விழுக்காடு. இடுக்கி மாவட்டத்தில் 55,815 பேர். பாலக்காட்டில் 48,972 பேர். அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர். பறம்பிக்குளத்தில் காடர், மலசர், மலைமலசர், முதுவர். இடுக்கியில் முதுவர், மன்னான், மலையரையர், ஊராளி, பளியர், மலைப்புலையர் எனப் பல சமூகங்கள் வாழ்கின்றன. மாநில எல்லை இவர்களில் பலரின் வாழ்வை ஊடறுத்துச் செல்கிறது. ஆனைக்கட்டியில் சாலையின் இப்பால் கோவை, அப்பால் அட்டப்பாடி. இரு பக்கமும் இருளர் வாழ்கின்றனர். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் அங்கே செல்லும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்தான் ஓடுகிறது. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் என்பது முதுவர் தம்மைப் பற்றிச் சொல்லும் கதை. அவர்களது பேச்சு தமிழுக்கு நெருக்கமானது.

இந்த எல்லையின் விளைவுகள் பள்ளியிலேயே தொடங்கிவிடுகின்றன. வீட்டில் இருள மொழியோ முதுவர் மொழியோ பேசும் குழந்தை மலையாளத்தில் எழுதப் பழகுகிறது. பிறகு ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கிறது. தன் மொழியில் ஒரு வரிகூட எழுத்தில் காணாமலேயே மூன்றாவது மொழியில் நுழைவுத்தேர்வு எழுதுகிறது. சான்றிதழும் எல்லையைப் பொறுத்தே அமைகிறது. மறையூர்ப் பக்கத்து மலைப்புலையர் கேரளத்தின் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். எல்லைக்கு இப்பால் ஆனைமலை, உடுமலைப் பகுதிகளில் அவர்களுடைய உறவினர்கள் பட்டியல் சாதியினராகவே கணக்கிடப்பட்டு, பழங்குடித் தகுதி கேட்டு நெடுங்காலமாகக் காத்திருக்கின்றனர். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்குக் கல்லூரி வாசலில் இரு வேறு பெயர்கள். இவை பண்பாட்டின் குறைகள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாணவர் இடைநின்றதற்கான காரணம் எழுதப்படும்போது மொழியும் சான்றிதழும் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றன. 'ஆர்வமின்மை', 'சூழலுக்கு ஒத்துப்போகாமை' ஆகிய சொற்களே எளிதாக வந்து விழுகின்றன.

இனி, மெய்யாகவே பண்பாடு என்று சொல்லத்தக்கவற்றுக்கு வரலாம். அட்டப்பாடி இருளரிடையே சாவு என்பது ஊர் முழுவதற்குமான கடமை. பொறை, தவில், கொகல் முதலிய கருவிகள் முழங்க, உறவினர் கூடி, உடலைச் சுற்றி ஆடிப் பாடி இறந்தவரை வழியனுப்புவார்கள். தொலைவிலுள்ள உறவினரும் வந்து சேர வேண்டும். வராமல் போவது சிறிய குறையாக எண்ணப்படுவதில்லை. உறவை முறித்துக்கொண்டதாகவே கொள்ளப்படும். மருத்துவப் படிப்பிலோ எழுத்துப் பாடங்களில் 75 விழுக்காடும் செய்முறையில் 80 விழுக்காடும் வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது. ஒரே ஆண்டில் இரண்டு மூன்று சாவுகள் நேர்ந்தால் மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஊருக்குச் சென்றால் தேர்வு போகும். செல்லாவிட்டால் ஊர் போகும். இந்த இக்கட்டை உருவாக்கியதில் சடங்குக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு விதிக்கும் உண்டு. ஆனால் சடங்கு மட்டுமே தடையாகப் பெயரிடப்படுகிறது. விதி இயற்கையின் சட்டம்போல் கேள்விக்கு அப்பால் நிற்கிறது.

உடற்கூறு அறை இன்னும் கூர்மையான சோதனை. இறந்தவரை இசையோடும் ஆட்டத்தோடும் அனுப்பிவைக்கும் ஊரிலிருந்து வந்த பிள்ளையின் முன், எந்த ஊரும் வழியனுப்பாத ஓர் உடல் மேசைமேல் கிடத்தப்படுகிறது. இந்தத் திகைப்பு இந்த மலைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நவஹோ மக்களிடையே இறந்த உடலைத் தொடுவது கடுமையாக விலக்கப்பட்ட செயல். அச்சமூகத்தின் முதல் பெண் அறுவை மருத்துவராக அறியப்படும் லோரி அர்விசோ ஆல்வோர்டு, 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில், மருத்துவப் படிப்புக்காக அந்த விலக்கை மீற நேர்ந்ததன் துயரத்தைப் பதிவு செய்திருக்கிறார். அவர் மரபை உதறிவிட்டு மருத்துவரானவர் அல்லர். நோயாளியைச் சுற்றியுள்ள உறவுகளும் மனநிலையும் இணக்கமாக இருக்க வேண்டும் என்ற நவஹோ எண்ணத்தை அறுவை அறைக்குள் கொண்டுவந்தவர்.

நியூசிலாந்து வேறு வழியைக் கண்டது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் உடற்கூறு அறைக்குள் முதன்முறை நுழையுமுன் மாவோரி முறைப்படி வழிதிறக்கும் சடங்கு நடத்தப்படுகிறது. மாவோரி மாணவர் மட்டுமின்றி எல்லா மாணவரும் அதில் பங்கேற்கின்றனர். பாடத்தில் ஒரு பக்கமும் குறைக்கப்படவில்லை. கத்தியும் மேசையும் அப்படியே இருக்கின்றன. நுழைவதற்கான முறை மட்டுமே மாறியது. இந்தியாவிலும் அதற்கான விதை இருக்கிறது. உடலுக்கு மரியாதை செலுத்தும் உறுதிமொழியை முதலாண்டு மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் மருத்துவக் கல்லூரிகளில் பரவி வருகிறது. அந்த உறுதிமொழி ஆங்கிலத்தில் வாசிக்கப்படும் சில வரிகளாக நின்றுவிட வேண்டுமா, அங்கே படிக்கும் பிள்ளைகளின் ஊர்களில் சாவை மதிக்கும் முறைகளுக்கும் அதில் இடம் உண்டா என்று எந்தக் கல்லூரியும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை.

மூன்றாவது, மௌனம். மூத்தோர் பேசும்போது இடைமறிக்காமல் இருப்பதும், கேட்டாலன்றித் தன் அறிவை முன்வைக்காமல் இருப்பதும் பல குடிகளில் நல்ல வளர்ப்பின் அடையாளங்கள். வாய்மொழித் தேர்வில் அதே குணம் அறியாமையாகப் படிக்கப்படுகிறது. நகரத்துப் பிள்ளை அரைகுறையாகத் தெரிந்ததையும் உரக்கச் சொல்லி மதிப்பெண் பெறுகிறது. மலைப்பிள்ளை உறுதியாகத் தெரிந்ததையும் சொல்லத் தயங்கி இழக்கிறது. அளக்கப்படுவது அறிவா, பேச்சுத் துணிவா என்பதைத் தேர்வாளர்கள் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

இதனுடன் சேர்ந்தது பயன் பற்றிய கேள்வி. 'இதைப் படித்து ஊருக்கு என்ன செய்வாய்?' என்று ஊர் கேட்கும். 'இதைப் படித்து உனக்கு என்ன வேலை கிடைக்கும்?' என்று கல்லூரி கேட்கும். ஜெசி ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களைப் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வு, சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற விருப்பம் அம்மாணவர்களிடம் வலுவாக இருப்பதையும், அறிவியல் துறைகளில் அதற்கு இடமில்லை என்று உணரும்போது அவர்களுடைய ஒட்டுறவு தளர்வதையும் எடுத்துக்காட்டியது. அறிவியல் தனிமனிதரின் முன்னேற்றத்துக்கான ஏணி என்று மட்டுமே அறிமுகப்படுத்தப்பட்டால், ஊரோடு சேர்ந்து உயரப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத்தான் தோன்றும். அறிவியலின் குணமே அப்படி என்று இதற்குப் பொருளில்லை. அதை அறிமுகப்படுத்தும் விதத்தில் இருக்கும் குறை அது.

இந்த அந்நியம் ஒருபக்கமானது என்பதுதான் வியப்பு. பழங்குடிகள் அறிவியலுக்குள் வராத காலத்திலும் அறிவியல் அவர்களிடம் வந்துகொண்டேதான் இருந்தது. 1952இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டறிந்து வெளியிட்ட கட்டுரை, இந்தியாவில் அரிவாள் அணு நோயைப் பற்றிய ஆய்வுகளின் தொடக்கம். நீலகிரிக்கு அடுத்த மலையடிவாரமான அட்டப்பாடியில் இன்றும் அந்நோய் குடும்பங்களை வாட்டுகிறது. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது 2023 ஜூலையில். இலக்கு ஆண்டு 2047. குருதி கொடுத்த மக்களிடமிருந்து குருதியியல் வல்லுநர்கள் உருவாவதற்கான திட்டம் இந்த எழுபது ஆண்டுகளில் தேசிய அளவில் எழவே இல்லை.

தெற்கே அகத்தியமலையில் நடந்தது எல்லோரும் அறிந்த நிகழ்ச்சி. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழுவுடன் வழிகாட்டிகளாகச் சென்ற காணிக்காரர்கள், மலையேற்றத்தில் களைக்காமல் இருக்க ஒரு செடியின் காய்களைத் தின்றனர். ஆரோக்கியப்பச்சை என்று பின்னர் பெயர்பெற்ற அச்செடியிலிருந்து, திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவையின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் தயாரிப்பு உரிமை அளிக்கப்பட்டது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பயன்பகிர்வுக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் ஏற்பாடு இது. அக்காலத்தில் அது துணிச்சலான முன்முயற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் அன்றே காணிக்காரரின் மரபு மருத்துவர்களான பிலாத்திகள் சிலர், தங்கள் அறிவு தங்களைக் கேட்காமல் கைமாறியதாக எதிர்ப்புத் தெரிவித்தனர். வழிகாட்டிகள் சொன்னது யாருடைய அறிவு, அதைச் சொல்ல யாருக்கு உரிமை என்பது ஒப்பந்தத்துக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. அத்துடன், அந்த ஏற்பாட்டில் பங்கிடப்பட்டது வருவாய் மட்டுமே. அடுத்த தலைமுறைக் காணிக்காரப் பிள்ளை ஒருவர் அதே ஆய்வகத்தில் ஆய்வாளராக அமர்வதற்கான வழி ஒப்பந்தத்தின் பகுதியாக இருந்திருந்தால் 'பகிர்வு' என்ற சொல் இன்னும் பொருளுடையதாக இருந்திருக்கும்.

ஆனைமலைத் தொடரின் மேற்குச் சரிவிலுள்ள வாழச்சால் காடுகளில் காடர்கள் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கும் பணியில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து வனத்துறையோடும் ஆய்வாளர்களோடும் ஈடுபட்டு வருகின்றனர். பெண்பறவை மரப்பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்க, ஆண்பறவை சிறு துளை வழியே இரை ஊட்டும். அந்தப் பொந்துகள் எந்த மரங்களில் உள்ளன, எப்போது அடைபடும், எப்போது திறக்கும் என்பது காடர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஒருகாலத்தில் குஞ்சுகளை எடுக்கப் பயன்பட்ட அறிவு இன்று பறவையைக் காக்கப் பயன்படுகிறது. ஒரு சமூகத்தின் வழக்கம் அதன் சொந்த அறிவின் துணையோடு மாறக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அந்தத் தரவுகளைத் திரட்டுபவரின் பதவிப்பெயர் 'காவலர்' என்றும் 'கண்காணிப்பாளர்' என்றும் இருப்பது ஏன், 'ஆய்வாளர்' என்று ஆவதற்குத் தடை எது என்பதே இனிக் கேட்க வேண்டியது.

சுகாதாரத் துறையிலும் இதே படிநிலையைக் காணலாம். 2013இல் அட்டப்பாடியின் குழந்தை இறப்புகள் நாடு முழுவதும் பேசப்பட்ட பிறகு மருத்துவமனை வசதிகள் பெருகின. சமூகச் சமையற்கூடங்கள் வந்தன. ஊர்தோறும் சென்று பார்க்கும் பணிக்குப் பழங்குடிப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். ஊரின் மொழியும் கருவுற்ற பெண்ணின் அச்சமும் இந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்கள் அறிந்தது மேலே செல்லும்போது படிவத்தில் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. சிகிச்சையையும் திட்டத்தையும் தீர்மானிக்கும் மேசைகளில் அவர்களுடைய மகள்கள் அமரும் வரை, நலத்திட்டங்கள் மலைக்கு வந்து போகும் விருந்தினராகவே இருக்கும்.

இந்த வாதத்துக்கு ஒரு நேரான எதிர்வாதம் உண்டு. எல்லா மரபுகளும் போற்றத்தக்கவையா? அல்ல. 2010இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில், மாதவிலக்கு நாட்களில் முதுவர் பெண்கள் தனிக் குடிலில் தங்கும் வழக்கம் உண்டு. அந்த ஒதுக்கத்தைத் தவிர்க்கக் கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து உண்ணும் பெண்களைப் பற்றிய செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. இதை மரபின் அழகு என்று எவரேனும் எழுதினால் அது அப்பெண்களின் உடலுக்குச் செய்யும் துரோகம். ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய மற்றொன்றும் இருக்கிறது. அப்பெண்கள் மரபை எதிர்த்துக் கூச்சலிடவும் இல்லை, அப்படியே அடங்கிப்போகவும் இல்லை. மருத்துவத்தின் ஒரு பொருளைக் கையிலெடுத்துத் தமக்கான வழியைத் தாமே தேடியிருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது அந்த மாத்திரையின் தீங்கை அவர்கள் மொழியில் சொல்லி, குடிலின் தேவையையும் குடியின் மூத்தோரோடு சமமாக அமர்ந்து பேசக்கூடிய ஒருவர். வெளியிலிருந்து வரும் மருத்துவர் கண்டித்தால் குடி மூடிக்கொள்ளும். அந்தக் குடியில் பிறந்த ஒரு பெண் மருத்துவர் கேட்டால் அது வீட்டுக்குள் நடக்கும் விவாதமாகிவிடும். மரபின் குறைகளைக் காட்டிப் பழங்குடிப் பிள்ளைகளின் தகுதியை ஐயுறுபவர்கள், அக்குறைகளைத் தீர்க்க வல்லவர்கள் அப்பிள்ளைகளே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை காத்திருக்கிறது. பழங்குடி மாணவர் என்றாலே மூலிகை ஆய்வு, மருத்துவர் என்றால் சொந்த ஊருக்குத் திரும்பிச் சேவை என்று அன்போடு விதிக்கப்படும் எல்லை அது. நகரத்து மருத்துவரின் மகனிடம் 'உன் தெருவுக்குத் திரும்புவாயா?' என்று எந்த நேர்காணலிலும் கேட்பதில்லை. முதுவர் பெண் ஒருத்திக்கு விண்மீன்களின் பிறப்பிலோ எண்கோட்பாட்டிலோ நாட்டம் இருக்கலாம். ஊருக்குத் திரும்பும் விருப்பம் அவளுடையதாக இருந்தால் அதற்கு வழி வேண்டும். அதையே அனுமதிக்கான விலையாகக் கேட்கக் கூடாது.

இடஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு சொல். கேரள மருத்துவப் படிப்புகளில் பழங்குடியினருக்கு 2 விழுக்காடு இடங்கள் உள்ளன. மக்கள்தொகை விகிதத்தை வைத்துப் பார்த்தால் இது குறைவில்லை. ஆனால் 'பழங்குடி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு மறைந்திருக்கிறது. நீண்டகாலக் கல்வி மரபுள்ள மலையரையரும், மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசே வகுத்துள்ள காடரும் குறும்பரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். முன்னே நிற்பவர் குற்றம் செய்தவர் அல்லர்; அவர் நடந்த வழி மற்றவருக்கும் திறந்திருந்ததா என்பதே கேள்வி. ஆக்லாந்துப் பல்கலைக்கழகம் 1972 முதல் மாவோரி, பசிபிக் மாணவர்களுக்கெனச் சேர்க்கைத் திட்டம் நடத்துகிறது. அது இடம் தருவதோடு நிற்பதில்லை. படிப்புக் காலம் முழுவதும் துணை நிற்கிறது. வயநாட்டில் 2017இல் தொடங்கிய 'கோத்ரபந்து' திட்டம் பழங்குடி ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டிகளாக அமர்த்தியது. தொடக்கப் பள்ளிக்குப் பொருந்தும் அறிவு கல்லூரிக்கும் பொருந்தும்.

ஆகவே செய்ய வேண்டியவை அரியவை அல்ல. உறவினர் சாவுக்குச் சென்ற நாட்களை ஈடுசெய்யக் கூடுதல் செய்முறை வகுப்புகள் வைக்கலாம். உடற்கூறு அறையின் முதல் நாளை எல்லா மாணவரும் மரியாதையோடு தொடங்கும் நாளாக்கலாம். முதலாண்டில் மொழித் துணையும் அதே மலையிலிருந்து முன்பு வந்த மூத்த மாணவரின் துணையும் அளிக்கலாம். மலைகளில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், அறிவு தந்தவரின் பெயரைக் கட்டுரையின் நன்றியுரையிலிருந்து ஆசிரியர் வரிசைக்கு உயர்த்துவதையும், ஆய்வு நடக்கும் ஊரிலிருந்து ஒருவருக்கேனும் ஆய்வுப் பயிற்சி தருவதையும் தன் நெறிக்குழு விதிகளில் சேர்க்கலாம். இவற்றுள் எதுவும் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை.

பழங்குடிப் பிள்ளை அறிவியலுக்குள் நுழைய மரபை வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. பிற சமூகத்தினர் எவரிடமும் அது கேட்கப்படுவதில்லை. ஆய்வகத்தில் ஆயுதபூசை நடக்கிறது; ஏவுகணைக்கு முன் தேங்காய் உடைகிறது; அதனால் அறிவியல் கெட்டுவிட்டதாக எவரும் அஞ்சுவதில்லை. இந்தச் சலுகை மலைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்பதற்குப் பல்கலைக்கழகங்களே விடை சொல்ல வேண்டும்.

அட்டப்பாடியில் மண்ணுக்காரரின் பொறுப்பு இன்று பல ஊர்களில் சடங்களவில் சுருங்கிவிட்டது. நிலம் கைமாறியதும், காட்டுச் சட்டங்கள் பழைய வேளாண்மையைக் கட்டுப்படுத்தியதும், ரேஷன் அரிசி ராகியின் இடத்தைப் பிடித்ததும் அதற்குக் காரணங்கள். 2017இல் தொடங்கிய சிறுதானியக் கிராமத் திட்டம் மீண்டும் அந்த விதைகளைத் தேடுகிறது. விதையைத் தேடிச் செல்பவர்கள் மண்ணுக்காரரிடம் கேட்கத்தான் போகிறார்கள். அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் வேளாண் விஞ்ஞானியாக அவருடைய பேத்தியே அவர் எதிரில் அமரும் நாளில்தான், அந்த அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சேர்ந்தது என்று சொல்ல முடியும். அதுவரை நடப்பது எடுத்துச் செல்லுதல் மட்டுமே.